மேல் மண்

மண்ணைத் தோண்டுகிறவனுக்கு, தோண்டிய மண்ணை எங்கே போடுவது என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அறுபதைத் தாண்டியவன், அதிலும் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன், ஒரு குழியைத் தோண்டி முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ‘சரி, இதை இப்போது யார் எடுத்துக்கொண்டு போவார்கள்?’ என்று சுற்றிலும் பார்த்தான் என்றால், அவனை முட்டாள் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைதான். எங்கள் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், அந்த மரியாதையை எனக்குத் தாராளமாகவே கொடுத்தார்கள்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நந்திதுர்க் சுரங்கத்தில் நான் இருந்த காலம் முழுக்க என் வேலை பாறையை உடைப்பது. உடைத்ததை வேறொருவன் அள்ளினான். அள்ளியதை இன்னொருவன் தள்ளிக்கொண்டு போனான். அது ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழி வழியே ஏறி, மேலே மில்லில் மாவாகி, தங்கம் ஒரு பக்கம், மிச்சம் ஒரு பக்கம் என்று பிரிந்தது. தங்கம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. மிச்சம் எங்கே போனது என்று ஊருக்கே தெரியும். தங்கத்தைப் பிரிக்க ஊற்றிய சயனைடின் பெயரால் சைனைட் மேடு என்று நாங்கள் சொல்கிற வெளுத்த குன்றுகளாக அது இன்றும் உட்கார்ந்திருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து கேஜில் ஏறி மேலே வந்து, குளித்து, தலை சீவிக்கொண்டு, அந்தக் குன்றின் அடியிலேயே வீட்டுக்கு நடந்து போவேன். இதில் ஒரு கூடையாவது நான் போட்டது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அது கம்பெனி மேடு. காற்றடித்தால் கண்ணில் விழுகிற தூசும் கம்பெனித் தூசு. நான் வெறுமனே கண்ணைக் கசக்கிக்கொள்கிறவன்.

சுரங்கம் மூடியது. அதன் பிறகு எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரையும் போல நானும் விடிவதற்குள் ரயில் ஏறி, பங்காருபேட்டையில் கூட்டம் ஏறும்போது யார் தோளிலாவது சாய்ந்து தூங்கி, பெங்களூரில் ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு நின்று, இரவு அதே ரயிலில் வேறு யார் தோளிலாவது சாய்ந்து தூங்கித் திரும்பினேன். இப்படியே வயதாகிவிட்டது. ஊரில் இருந்த நேரத்தைவிட ரயிலில் தூங்கிய நேரம்தான் அதிகம் என்று என் மனைவி சொல்வாள். இப்போது ரயிலும் இல்லை, வேலையும் இல்லை. ஆனால் விடிவதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, போவதற்கு இடமில்லை என்று தெரிந்து, மறுபடி படுப்பேன். இதற்கு ஓய்வு என்று பெயர்.

கதை என் மனைவியின் முழங்காலில் தொடங்குகிறது. எங்கள் வீடு பழைய லைன் வீடு. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பின்னால் தகரம் மறைத்த ஒரு துண்டு நிலம். கக்கூஸ் லைன் கோடியில், எல்லாருக்கும் பொதுவாக. இத்தனை வருடமும் அவள் மழையிலும் இருட்டிலும் அங்கே நடந்து போய்த்தான் வந்தாள். முழங்கால் இரண்டும் போனதும் நடப்பதும் போனது, குந்துவதும் போனது. பெங்களூரில் இருக்கும் மகள் பிடிவாதமாக அழைத்துப்போய் ஆபரேஷன் செய்து தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். இனி தரையில் குந்தக் கூடாது, நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் அம்மா ஊருக்குப் போகவே வேண்டாம்.

அவளுக்கு மகள் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாவது மாடி. எட்டிப் பார்த்தால் எதிர் வீட்டு மூன்றாவது மாடி. போனில் தினமும், எப்போது கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று கேட்டாள். எங்கள் சர்ச்சில் இறந்தவர்களை நினைக்கிற கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு என்று நான் வாக்குக் கொடுத்தேன். பின்கட்டில் குழி தோண்டி, சிமெண்ட் ரிங் இறக்கி, மேலே ஒரு சின்ன அறை கட்டி, கமோடு வைத்துவிடுவதாகச் சொன்னேன். பின்கட்டில் குழி என்றால் எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். அங்கே வேறு இடமே கிடையாது.

“சரி, தோண்டுங்க. மேல் மண்ண மட்டும் தனியா எடுத்து வையுங்க. கீழேர்ந்து வர்றத எங்க வோணாலும் கொட்டிக்கோங்க” என்றாள். அந்த மண்ணைப் பழைய பெயிண்ட் டப்பாக்களில் நிரப்பிச் சுவரோரம் வைத்துக்கொள்வாளாம். இனி அவளால் குனிய முடியாது, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம் இல்லையா என்றாள். நான் ஆகட்டும் என்றேன். நான் எதற்கும் ஆகட்டும் என்றுதான் சொல்வேன்.

அந்த மேல் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது பின்கட்டில் மண் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆடிக் காற்றில் மேட்டிலிருந்து பறந்து வந்த மாவு படிந்து, மழையில் இறுகி, அப்பளம் மாதிரி வெள்ளை வெளேரென்று கிடந்தது. புல்கூட முளைக்காது. கல்யாணமான புதிதில் அவள் அங்கே கொத்தமல்லி விதைத்தாள். என் அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “சைனைட் மண்ணுல இன்னா மொளைக்கும், உன் தலைதான் நரைக்கும்” என்றாள். கொத்தமல்லி முளைக்கவில்லை. அம்மாவுக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

அதன் பிறகு என் மனைவி விதைப்பதை நிறுத்திவிட்டு மண்ணைச் செய்ய ஆரம்பித்தாள். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், அடுப்புச் சாம்பல், ஆண்டர்சன்பேட்டை சந்தையில் மூட்டை கட்டி எறிகிற அழுகல் கீரை, ஆடு வைத்திருந்த வீட்டிலிருந்து ஒரு கூடை புழுக்கை. எதையும் வெளியே போட விடமாட்டாள். காற்றுக்காலம் வந்தால் அதன் மேல் பழைய கோணியைப் போர்த்தி ஓரத்தில் கல் வைப்பாள், மேட்டு மாவு விழாமல். மழைக்காலம் வந்தால் கரைந்து ஓடாமல் சுற்றிலும் உடைந்த ஓட்டுத் துண்டுகளை நட்டு வைப்பாள். வருடத்துக்கு ஒரு விரல் கனம்கூட ஏறவில்லை. ஒரு நாள் நான் ரயிலிலிருந்து இறங்கி வந்து செருப்பைக்கூடக் கழற்றாத நேரத்தில் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப்போய் ஒரு மண்புழுவைக் காட்டினாள். நான், ‘இதைக் குழம்பு வைக்கப் போறியா?’ என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குகளுக்குச் சிரிக்காதவர்களில் அவள்தான் சீனியர்.

கறிவேப்பிலை தழைத்தது. புதினா, மிளகாய், பிறகு ஒரு முருங்கை. தழைத்ததும் என் அம்மா அதை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டாள் என்றால் சண்டை போட்டு அல்ல. லைனில் யார் வந்தாலும், “எங்க தோட்டத்துது, எடுத்துக்கோ” என்று அவளே ஒடித்துக் கொடுப்பாள். ஜன்னலோரக் கட்டிலை எடுத்துக்கொண்டதும், என் மனைவியின் தாய்வீட்டுப் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டதும், முதல் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமையை எடுத்துக்கொண்டு தன் பெயரையே வைத்ததும் எல்லாம் இப்படித்தான், பேச்சோடு பேச்சாக. என் மனைவி இடத்தைவிட்டு எழுந்துகொள்வாள். பின்கட்டுக்குப் போய் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பாள். அம்மா போய்ச் சில வருடமாகிறது. கட்டில் இப்போது என் மனைவிக்கு வந்துவிட்டது. அவள் அதில் படுப்பதில்லை.

குழி வெட்ட ஆள் வைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பூமிக்குள் மைல் கணக்கில் போய் வந்தவன், வீட்டுப் பின்னால் ஓர் ஆள் ஆழத்துக்கு ஆள் வைப்பதா? கடப்பாரையும் மம்பட்டியும் எடுத்துக்கொண்டு காலையிலேயே இறங்கிவிட்டேன். முருங்கையை வெட்டி, வாடிப்போயிருந்த செடிகளைப் பிடுங்கியதும் முதலில் வந்தது அவளுடைய மண். கறுத்து, பொலபொலவென்று, கையில் எடுத்தால் ஈரமாக. பாண்டுச் சட்டியில் வாரி வாரி, வீட்டுக்குப் பக்கவாட்டில், வாசலுக்கு வரும் ஒரே வழியான சந்தில் சுவரை ஒட்டிப் போட்டேன். தனியாகத்தான் போட்டேன். அப்போது அது தனியாகத்தான் இருந்தது.

இங்கேதான் சுரங்கத்துப் புத்தி வேலை செய்தது. எங்களுக்கு மேலே இருப்பதெல்லாம் வேஸ்ட். ஷாஃப்ட் இறக்கும்போது முதலில் வருவது எதுவும் கணக்கில் வராது. கீழே போகப் போகத்தான் சரக்கு. இருபது வயதில் மண்டைக்குள் போனது அறுபதில் வெளியே வருமா? மேல் மண்ணைத் தள்ளிவிட்டதும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அதன் கீழே பழைய மேட்டு மாவு, சாம்பல் நிறத்தில் ஒரு தகடு. அதன் கீழே செம்மண். அதற்கும் கீழே கிராவல். பிறகு மட்கிய பாறை, பிஸ்கட் மாதிரி பாளம் பாளமாக உதிர்வது. எங்கள் சுரங்கத்துப் பாறையும் என்றைக்காவது இப்படி உதிர்ந்து மண்ணாகும்போலும். அதற்குள் அவசரப்பட்டு நாங்களே அதை மாவாக்கிவிட்டோம்.

குழி இடுப்பைத் தாண்டியதும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். சுரங்கத்தில் விண்டிங் டிரைவராக இருந்தவர், அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை மேலிருந்து ஓட்டியவர். பல வருடம் என் உயிர் அவர் கையில் இருந்தது என்பதை வாரம் ஒரு முறையாவது ஞாபகப்படுத்துவார். பௌத்தக் குடும்பம், நிதானமான மனிதர், நாக்கு மட்டும் நிதானமில்லை. குழிக்கு மேல் ஒரு கட்டையைப் போட்டு, கயிற்றில் வாளியைக் கட்டி, நான் நிரப்ப நிரப்ப அவர் இழுத்தார். நான் கல்லால் வாளியைத் தட்டி எங்கள் பழைய மணி சிக்னலைக் கொடுப்பேன். அவர் அதன்படி தூக்குவார், நிறுத்துவார். இரண்டு கிழவர்களுக்கும் அப்படியொரு சந்தோஷம். இழுத்த வாளியை எல்லாம் அவர் சந்தில், நான் ஏற்கெனவே போட்டிருந்த குவியலின் மேலேயே கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். பரவாயில்லை, மேல் மண் அடியில் பத்திரமாக இருக்கிறது, மேலே இருப்பது போனதும் கடைசியில் அதுதானே மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் வெள்ளையாக ஒரு படிகக்கல் அகப்பட்டது. குவார்ட்ஸ். எச்சில் தொட்டுத் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மஞ்சளாக ஒரு கோடாவது தெரிகிறதா என்று. மேலிருந்து அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “கம்பெனி வுட்டுட்டுப் போனத நீ புட்ச்சிட்டியா” என்றார். ஒன்றுமில்லைதான். இருந்தாலும் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டேன். மாலையில் கழுவி ஜன்னலில் வைத்தேன். மனைவி போனில் மேல் மண் தனியாக இருக்கிறதா என்று கேட்டாள். பத்திரமாக இருக்கிறது, யாரும் தொட முடியாத இடத்தில் என்றேன். பொய் இல்லை.

ரிங் இறக்கி முடிந்ததும்தான் குவியலை நிமிர்ந்து பார்த்தேன். குழி சின்னது, குவியல் பெரியது. இறுகிக் கிடந்த மண் வெளியே வந்து மூச்சுவிட்டால் இப்படித்தான் பருக்கும் என்பது எனக்குத் தெரிந்ததுதான், உடைத்த பாறையில் பார்த்ததுதான். ஆனால் அப்போதெல்லாம் பருத்தது யாருடைய பாடோ. இப்போது சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஜன்னல் உயரத்துக்கு, என் சொந்த மேடு நின்றது. அதைத் தாண்டி ஆட்டோ வராது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வருகிறவள் எப்படி வருவாள்? உள்ளே கமோடு பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது, உட்கார வேண்டியவளுக்கு வழி இல்லை.

மண் வேண்டுமா என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். ஊரில் யாருக்கும் மண் வேண்டாம். இத்தனை வருடமாக மண்ணை மூச்சில் இழுத்தவர்களிடம் போய் மண் வேண்டுமா என்று கேட்டால் என்ன முகம் காட்டுவார்களோ அதைக் காட்டினார்கள். ஒருத்தர் இரண்டு பூந்தொட்டிக்கு எடுத்துக்கொண்டார், அதுவும் பரிதாபப்பட்டு. வாய்க்காலில் போடக் கூடாது, ரோட்டோரம் போடக் கூடாது. நகரசபைக்குப் போன் செய்தால் குப்பை என்றால் எடுப்போம், மண் எங்கள் வேலை இல்லை என்றார்கள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார். கண்ணெதிரே ஒரு மலையே இருக்கும்போது நான் ஏன் மண்ணுக்கு இடம் தேடுகிறேன்? ஒரு டிராக்டர் மண்ணை அதன் காலடியில் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மாதிரிக்குச் சைக்கிளில் ஒரு மூட்டை செம்மண்ணைக் கட்டிக்கொண்டு சைனைட் மேட்டுக்குத் தள்ளிப் போனேன். அங்கே ஒரு வாட்ச்மேன், பக்கத்துக் கிராமத்துப் பையன், கன்னடமும் தமிழும் கலந்து மரியாதையாகப் பேசினான். மூட்டையில் என்ன என்று கேட்டான். மண் என்றேன். அவிழ்த்துப் பார்த்தான். விரலால் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துக்கூடப் பார்த்தான்.

“பேடா அண்ணா, வோணாம். இது சுத்த மண்ணு. இதுல போட்டா மிக்ஸ் ஆயிடும்” என்றான்.

அந்த மாவில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறதாம். என்றைக்காவது யாராவது அதை மறுபடி சலிப்பார்களாம். அதுவரை எதுவும் கலக்கக் கூடாதாம். எங்கள் கண்ணிலும் நெஞ்சிலும் அது கலக்கும்போது இந்தக் கவலை யாருக்கும் இருந்ததில்லையே என்று கேட்க வாய்வரை வந்தது. அவன் வயதுக்கு அவன் என்ன செய்வான், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறான், நானும் அப்படி நின்றவன்தான். மூட்டையை மறுபடி கட்டினேன். குப்பையைக்கூட வேண்டாம் என்று சொல்லாத இடத்தில் என் செம்மண்ணைச் சுத்தம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகும்போது ஏற்றத்தில் தள்ளிவிட்டேன், வரும்போது இடுப்பு ஒத்துழைக்கவில்லை. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் மதியம் மழை பிடித்தது. பெரிய மழைகூட இல்லை. ஜன்னல் வழியாக என் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் உச்சியில் சின்னச் சின்னக் குழிகள். பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து கோடுகள். கோடுகள் ஆழமாகி வாய்க்கால்கள். சைனைட் மேட்டின் உடம்பு முழுக்க இருக்குமே, நாமம் போட்ட மாதிரி செங்குத்தாக, அதே வாய்க்கால்கள் என் மேட்டிலும் வந்துவிட்டன. பெரியதற்கும் சின்னதற்கும் மழை ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. சிவப்புக் குழம்பு சந்தில் இறங்கிப் போனது. எங்கள் லைன் சரிவில் இருக்கிறது. சரிவில் அடுத்த வீடு என் விண்டிங் டிரைவருடையது.

அவர் வாசலில் நான் போய் நின்றபோது அவருடைய செருப்பு ஒன்று மிதந்துகொண்டிருந்தது. முன்னறையில் புத்தர் சிலை வைத்த மேசைக் கால்வரை செங்குழம்பு. அவர் வேட்டியை மடித்துக் கட்டித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“கம்பெனி போட்ட மேடு பத்தலன்னு நீ வேற ஒண்ணு ஆரம்பிச்சிட்டியாபா?”

நான் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, சாமி ஒன்றும் சொல்லமாட்டார் இல்லையா என்று சிலையைக் காட்டினேன்.

“அவரு அமைதியா கீறாரு. நான் இருக்க மாட்டேன்.”

இருவரும் சேர்ந்து வழித்துப் போட்டோம். சிரிக்க முயன்றேன், மூச்சு வாங்கியதில் அது இருமலாகத்தான் வந்தது. இத்தனை வயதுக்கு மேல் சேற்றை வழித்துக்கொண்டிருக்கிறோமே என்று இருந்தது. சேற்றின் மேல் கோபமில்லை. எங்கே தள்ளினாலும் அது இன்னொருவர் வாசல் என்கிற அலுப்புதான். ஞாயிறு வேறு நெருங்கிவிட்டது.

கடைசியில் வழி சொன்னவரும் அவர்தான். அவருடைய சமாதானமும் கிண்டலாகத்தான் வரும். உங்க ஆளுங்க எல்லாம் கல்லறைத் திருநாளுக்கு மண்ணுக்கு அலைகிறார்களே, நீ இங்கே மண்ணை வைத்துக்கொண்டு அலைகிறாய் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வருடமும் மழையில் கல்லறைகள் அமுங்கிப் போகும். சிமெண்ட் வைத்துக் கட்டினவை தப்பிக்கும், மண் கல்லறைகள் கரைந்து தரையோடு தரையாகிவிடும். திருநாளுக்கு முன்னால் செம்மண் கொட்டி, மேடாக்கித் தட்டி, மேலே பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஓடினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு இருந்தாலும் கொண்டுவாங்கண்ணே என்றார். இந்த ஊரில் என் மண்ணைக் கேட்டுக் கை நீட்டியவர் அவர் ஒருவர்தான். அவருடைய வாடிக்கையாளர்கள்தான் எதையும் வேண்டாம் என்று சொல்லாதவர்கள்.

சனிக்கிழமை டிராக்டர் வந்தது. வானம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்ததால் டிரைவர் அவசரப்பட்டார். சந்தில் ஏற்றுவதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வது, கல்லறைத் தோட்டத்தில் இறக்குவதை நான் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. அடியில் இருக்கும் கறுப்பு மண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று காலையில் பல் தேய்க்கும்போது நினைத்தேன். டீ குடிக்கும்போதும் நினைத்தேன். நினைத்ததையே சொன்னதாக எடுத்துக்கொண்டு டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மண் வந்து விழ விழ, தோட்டக்காரரும் நானும் வரிசையாக அமுங்கிய கல்லறைகளை நிரப்பிக்கொண்டு போனோம். தெரிந்தவர்கள்தான் எல்லாரும். சுரங்கத்தில் என்னோடு ஒரே ஆழத்து லெவலில் வேலை செய்தவர்கள், என் வாத்தியார், என்னிடம் கடைசிவரை கடுகடுவென்று இருந்த ஒரு மேஸ்திரி. மேஸ்திரிக்கு ஒரு கூடை அதிகமாகவே போட்டேன், எழுந்து வந்துவிடக் கூடாது என்று. வேலை செய்துகொண்டே ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசினேன். பதில் சொல்லாத ஆட்களிடம் பேசுவது எனக்குப் பழக்கம்தான், அவர்கள் இருந்தபோதும் என் ஜோக்குக்கு இப்படித்தான் இருந்தார்கள். உடம்பு விட்டுப்போயிருந்தது. நடுவில் எனக்கென்று காலியாக விட்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

கடைசியாக என் அம்மாவுடையது. கட்டிவிடுகிறேன், கட்டிவிடுகிறேன் என்று சொல்லியே மண் கல்லறையாகவே விட்டிருந்தேன். சிலுவை சாய்ந்து, அந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. கடைசி லோடு வந்தபோது தூறல் ஆரம்பித்துவிட்டது. டிரைவர் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே கவிழ்த்துவிட்டுக் கிளம்பினார். தோட்டக்காரர் மளமளவென்று இழுத்து நிரப்பி, மம்பட்டியின் முதுகால் தட்டி ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். நான் சிலுவையை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவின் கல்லறை மட்டும் மற்றதைப்போல் சிவப்பாக இல்லை. கறுப்பாக இருந்தது.

குனிந்து ஒரு பிடி எடுத்தேன். முட்டை ஓட்டுத் துணுக்குகள். டீத்தூள். விரலுக்கு நடுவே ஒரு மண்புழு நெளிந்தது. கொஞ்சம் தள்ளி, ஒரு டீ ஸ்பூன் பாதி புதைந்து கிடந்தது. பல வருடங்களுக்கு முன்னால் காணாமல்போய், நான்தான் ரயிலில் தொலைத்துவிட்டு வந்தேன் என்று என் மேல் கேஸ் எழுதப்பட்ட ஸ்பூன். சந்தேகமே இல்லை. சந்து முழுவதையும் அடியோடு வழித்து, கூட்டியும் அள்ளிவிட்டிருக்கிறார் என் விண்டிங் டிரைவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, சந்து சுத்தமாக வேண்டும் என்று நான்தான் கெஞ்சியிருந்தேன்.

பக்கத்தில் கிடந்த கோணியை எடுத்து, மம்பட்டியால் இரண்டு வாரு வாரிவிட்டேன். தோட்டக்காரர் மம்பட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாண்ணே இது, பெத்தவங்களுக்குப் போட்ட மண்ணத் திருப்பி எடுக்கறீங்க. பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?”

என்ன சொல்வது அவரிடம்? இது என் மனைவி வருடத்துக்கு ஒரு விரல் கனம்கூடத் தேறாமல் செய்த மண் என்றா? இதற்காக அவள் மூன்றாவது மாடியிலிருந்து நாளைக்கு வருகிறாள் என்றா? மழை வலுத்தது. கோணியில் இருந்ததையும் அம்மாவின் மேலேயே கொட்டித் தட்டிவிட்டேன். நல்ல மண், தண்ணீரில் கரையாமல் அதைக் குடித்துக்கொண்டது. அந்த வரிசையில் அன்று வாய்க்கால் விழாத கல்லறை அது ஒன்றுதான். ஸ்பூனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நனைந்தபடி வீட்டுக்கு நடந்தேன்.

ஞாயிறன்று ஆட்டோ வாசல்வரை வந்தது. சந்து கண்ணாடி மாதிரி இருந்தது. மகள் ஒரு பக்கம், வாக்கர் ஒரு பக்கம் என்று அவள் மெதுவாக இறங்கினாள். மெலிந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, ரோட்டைத் துடைத்து வைத்திருக்கிறோம் பாருங்கள் என்று பெருமைப்பட்டார். நான் எல்லாவற்றையும் காட்டினேன். கமோடு, பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத டைல்ஸ், லைட்டு. அவள் கம்பியைப் பிடித்துப் பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து பார்த்தாள். நல்லாத்தான் கீது என்றாள். அவள் வாயில் அது பெரிய பாராட்டு. மகள் சமையற்கட்டுக்குப் போனாள்.

பிறகு அவள் வாக்கரைத் திருப்பிக்கொண்டு பின்கட்டுச் சுவரோரம் போனாள். நான் வாங்கி அடுக்கி வைத்திருந்த பெயிண்ட் டப்பாக்கள் காலியாக இருந்தன. ஒவ்வொன்றாகக் குனியாமல் எட்டிப் பார்த்தாள். நான் ஜன்னலில் இருந்த குவார்ட்ஸ் கல்லைக் காட்டலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன், அவ்வளவு புத்தி கெட்டுப்போயிருந்தது. அதற்குப் பதில் ஸ்பூனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். குவியல், மழை, டிராக்டர், தோட்டக்காரர், எதையும் மறைக்கவில்லை. ஒரே நாளில் மறுபடி செய்துவிடலாம், முட்டை ஓடெல்லாம் நான் சேர்க்கிறேன், ரயிலும் இல்லை எனக்கு வேலையும் இல்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கடைசியில், நஷ்டம் இல்லை, அது நம்ம அம்மா மேலேதான் இருக்கிறது, திருநாளுக்குப் போனால் பார்க்கலாம் என்றேன்.

அவள் ஸ்பூனை முந்தானையில் துடைத்தாள்.

“அதையும் உங்கம்மாவே எடுத்துக்கினாங்களா.”